புண் ஆறிவிட்டது, பாடு போகவில்லை: ஹெர்பீஸ் தழும்புக்கு எந்த வழி, எதற்குக் காசு?

களியக்காவிளை மாதிரி எல்லை ஊரில் மருந்துக்கடையில் நிற்பவனிடம் இரண்டு மாநிலத்துக் கூச்சமும் வந்து சேரும். பாறசாலைக்காரர் தன் ஊரில் கேட்க வெட்கப்படுவதை இங்கே வந்து கேட்பார். மார்த்தாண்டத்துக்காரர் அதையே கேட்க நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறுவார். குரலைத் தாழ்த்தி அடிக்கடி வரும் கேள்வி இது: "புண்ணு ஆறியாச்சு, பாடு போவல்ல. ஏதாவது க்ரீம் உண்டா?" புண் என்று அவர்கள் சொல்வது பிறப்புறுப்பில் வந்த ஹெர்பீஸ் என்ற வைரஸ் தொற்றை, பாடு என்பது அது விட்டுப்போன அடையாளத்தை.

க்ரீம் உண்டு. ஒரு தட்டு நிறைய உண்டு. ஆனால் நியாயமான பதில் சொல்ல நேரம் வேண்டும், பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று எடைபோட்டுச் சொல்ல முடியும். மருந்து எழுதித் தருவது டாக்டர் வேலை. என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாடு போவதற்காக மக்கள் செலவழிக்கும் காசில் பெரும்பகுதி தவறான இடத்துக்குப் போகிறது. நிறைய பேருக்குக் காத்திருந்தாலே போதும். அடிக்கடி திரும்ப வருகிறவர்களுக்கு மாத்திரை வேண்டும். க்ரீம் உண்மையில் தேவைப்படுபவர்கள் கொஞ்சம் பேர்தான்.

முதலில் அது என்ன பாடு?

ஹெர்பீஸ் கொப்புளம் தோலின் மேலடுக்கில் வருவது. முதல் தடவை வரும்போது ஆற இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். திரும்ப வருபவை ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். ஆழத்துக்குப் போகாததால் பெரும்பாலும் உண்மையான தழும்பு விழுவதில்லை. விழுவது நிறம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எங்கே அழற்சி வந்தாலும், கொசுக்கடியாக இருந்தாலும், அந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சேர்ந்து கறுத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். வேறுபாடு தெரியாவிட்டால் அது நிறம் மட்டும்தான். பள்ளமாகவோ தடிப்பாகவோ தட்டுப்பட்டால் அதுதான் தழும்பு.

அப்படி விழுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் வேறு இருக்கும். புண்ணில் பாக்டீரியா தொற்று சேர்ந்திருக்கும், பொருக்கைப் பிய்த்திருப்பார்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்து புண் ஆழமாகப் போயிருக்கும். இல்லையென்றால் டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் வைத்திருப்பார்கள். சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் என்று வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. கொப்புளம் தந்த காயத்தைவிட மருந்தென்று நினைத்து வைத்தது தந்த காயம் பெரிதாக இருக்கும்.

இன்னொரு வகையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மருந்துக்கடைக்காரனின் கணக்கு உதவும். சிலருக்கு ஆணுறுப்பின் நுனியிலோ பெண்ணுறுப்பின் உதட்டிலோ ஒரே இடத்தில் வட்டமாக எரிச்சல் எடுக்கும், சிவக்கும், சில சமயம் கொப்புளம் கட்டும், பிறகு சாம்பலும் கருநீலமும் கலந்த நிறத்தில் அடங்கும். மாதங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வரும், இன்னும் கறுக்கும். ஹெர்பீஸ் திரும்ப வருகிறது என்று ஒவ்வொரு தடவையும் அதற்கான வைரஸ் மருந்து அசைக்ளோவிர் வாங்கிப் போவார்கள். ஆனால் இரண்டு நாள் முன்னால் என்ன வாங்கினார்கள் என்று கேட்டால் வயிற்றுப்போக்குக்கான மாத்திரையோ, வலி மாத்திரையோ, படைக்கு ஃப்ளுகோனசோலோ, கோட்ரைமாக்சசோல், டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக்கோ இருக்கும். இது மருந்து ஒவ்வாமை. ஒவ்வாத மருந்து உள்ளே போகும்போதெல்லாம் தோலில் குறிப்பிட்ட அதே இடம் மட்டும் வெடிக்கும். மருத்துவத்தில் ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன் என்பார்கள். இதற்கு எந்த க்ரீமும் முழுப் பலன் தராது, அசைக்ளோவிர் ஒன்றுமே செய்யாது. அந்த மாத்திரையைக் கண்டுபிடித்து வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் வழி.

ஹெர்பீஸ் என்றால் வருவதற்கு முன் சுருக்கென்று குத்தும், குறுகுறுக்கும். சின்னக் கொப்புளங்கள் கொத்தாக வரும். இடம் கொஞ்சம் முன்னே பின்னே மாறும். ஒவ்வாமை என்றால் மாத்திரை போட்டுச் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ அதே வட்டம். சந்தேகம் இருந்தால் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.

கறுப்புக்குப் பதில் வெள்ளைத் திட்டு, கூடவே விடாத அரிப்பு, தோல் காகிதம் போல் மெலிந்து சுருங்குவது என்றால் அதைத் தழும்பு என்று விட்டுவிடக் கூடாது. லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, விட்டால் பிற்காலத்தில் புற்றுநோய்க்கும் சிறு வாய்ப்பு உண்டு.

காத்திருப்பதா, க்ரீமா?

நிறம் மட்டும் என்றால் காத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் ஒரு சிகிச்சைதான். மேலடுக்கில் தங்கிய பழுப்பு நிறம் சில மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மங்கும். நீலம் கலந்த சாம்பல் நிறம் ஆழத்தில் தங்கியது. அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். இந்தக் காலத்தில் செய்ய வேண்டியது உரசலைக் குறைப்பது. இறுக்கமான ஜீன்ஸும் நைலான் உள்ளாடையும் வேண்டாம். வீட்டில் சாரமோ பாவாடையோ போதும். நம் பக்கத்துப் புழுக்கத்தில் வேர்வை ஊறிய துணியோடு நாள் முழுக்க ரப்பர் தோட்டத்தில் நிற்பவர்கள் மதியம் ஒரு தடவை உள்ளாடை மாற்றினாலே எரிச்சல் குறையும். ஷேவ் செய்யாதீர்கள். முடியைக் கத்தரியால் குறைத்தால் போதும். சவரக்கத்தி மேல்தோலைக் கீறுகிறது, அந்த இடம் மறுபடி கறுக்கிறது.

தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால் வறட்சி அடங்கும். சரி, தடவலாம். ஆனால் இரண்டுமே ரப்பர் ஆணுறையை வலுவிழக்கச் செய்து கிழிய வைக்கும். ஆணுறை போடும் நாளில் எண்ணெய் கூடாது, தண்ணீரில் கரையும் ஜெல் மட்டும்.

காத்திருப்பதன் கஷ்டம் மனசில்தான். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு போன் டார்ச் அடித்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வருடத்திலும் மாற்றம் தெரியாது. மாதம் ஒரு தடவை, ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். போட்டோ எடுத்து ஒப்பிடலாம் என்று சில டாக்டர்களே சொல்வார்கள். அது நல்ல யோசனைதான், வீட்டில் எல்லோருக்கும் பொதுவான கணக்கில் போட்டோக்கள் தானாக ஏறுகிற போனாக இல்லாமல் இருந்தால்.

இனி க்ரீம். எல்லா க்ரீமும் ஒன்றில்லை. நையாசினமைட், அசலாயிக் அமிலம் இரண்டும் மென்மையானவை. முடி வளரும் வெளித்தோலில், டாக்டர் சொன்ன அளவில், பொறுமையாகப் போட்டால் நிறம் கொஞ்சம் சீக்கிரம் மங்கலாம். அதுவும் உள்ளே ஈரத்தோலில் போடக் கூடாது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம் முகத்து மங்குக்காக வந்தது. அதை இடுப்புக்குக் கீழே போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. எரிச்சல் எடுக்கும், எரிச்சல் எடுத்த இடம் இன்னும் கறுக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் பக்கமே போக வேண்டாம்.

ஸ்டீராய்டு தனியாகப் பேச வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் படைக்குப் போட்ட டியூபை அப்படியே வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். 1967-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஹைட்ரோகார்டிசோனை முன்கைத் தோல் உறிஞ்சியதைப் போல 42 மடங்கு விதைப்பைத் தோல் உறிஞ்சியது. அங்கே க்ளோபெடசோல் மாதிரி வீரியமான மருந்தை வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், வரி விழும், ரத்த நாளம் தெரியும். அந்த வரிகள் போகாது; நீங்கள் போக்க நினைத்த பாட்டைவிட மோசமான பாடு. ஹெர்பீஸ் புண் திறந்திருக்கும்போது போட்டால் நோயும் கிளம்பும். 2018-இல் இப்படிப்பட்ட பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதி கொண்டு வந்தார்கள். விதி வந்தது, கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கை எல்லாக் கடையிலும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரே இல்லாத வெள்ளை க்ரீம்கள். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரில் புரதம் போகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 13 பேர் நோய் தொடங்குவதற்கு முன் சிவப்பழகு க்ரீம் போட்டவர்கள். காரணம் க்ரீமில் இருந்த பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் ஆபரேஷன் சௌந்தர்யா என்ற பெயரில் கடை கடையாகச் சோதனை போட்டது. முகத்தில் போட்டதற்கே இந்தக் கதி என்றால், அந்த இடத்துத் தோல் எவ்வளவு இழுக்கும் என்று மேலே சொன்ன கணக்கை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள்.

அசைக்ளோவிர் க்ரீமைப் பற்றியும் கேட்பார்கள். பிறப்புறுப்பு ஹெர்பீஸில் அதனால் பெரிய பலன் இல்லை. தழும்புக்குப் பலனே இல்லை.

மாத்திரை எதற்கு?

மாத்திரை பாட்டை அழிக்காது. ஆனால் மாதம் ஒரு தடவை அதே பக்கத்தில் புண் வந்து போகும் ஆளுக்கு, பழைய பாடு மங்குவதற்குள் புதியது விழுகிறது. அவருக்கு க்ரீமில் போடும் காசு வீண். கிளம்புவதை நிறுத்தினால்தான் தோலுக்கு ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

எத்தனை தடவை வரும் என்பது ஹெச்.எஸ்.வி-1, ஹெச்.எஸ்.வி-2 என்ற இரண்டு ஹெர்பீஸ் வைரஸ் வகைகளில் எது என்பதைப் பொறுத்தது. ஹெச்.எஸ்.வி-2 என்றால் முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து தடவை வரலாம். ஹெச்.எஸ்.வி-1 பிறப்புறுப்பில் வந்தால் வருடத்துக்கு ஒன்று, அல்லது அதுவும் இல்லை. இரண்டுமே வருடம் ஆக ஆகக் குறையும். அதனால் எப்போதாவது வருகிறவர்கள், குத்தல் தொடங்கிய உடனே சில நாள் மட்டும் மாத்திரை போடுவது போதும். புண் சீக்கிரம் காயும், சின்னதாக நிற்கும். அடிக்கடி வருகிறவர்களுக்கு தினசரி மாத்திரை: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை என்பது வழக்கமான அளவு. மிக அடிக்கடி வருகிறவர்களுக்கு டாக்டர் அளவைக் கூட்டுவார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் குறைப்பார். இப்படித் தினமும் போடும்போது திரும்ப வருவது எழுபது, எண்பது சதவீதம் குறைகிறது. துணைவருக்குப் பரவும் வாய்ப்பும் ஏறக்குறையப் பாதியாகிறது. இது வாலசைக்ளோவிரை வைத்துத் தம்பதிகளிடம் செய்து 2004-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஆறு மாதமோ ஒரு வருடமோ போட்டுவிட்டு நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆயுள் முழுக்க என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை.

செலவை நினைத்துப் பின்வாங்குபவர்களுக்கு: அசைக்ளோவிர் காப்புரிமை முடிந்த பழைய மருந்து, வாலசைக்ளோவிரைவிட மலிவு. மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகம், கேரளத்தில் காருண்யா என்று மலிவு விலையில் மருந்து விற்கிற அரசுக் கடைகளில் விலை கேட்டுப் பார்த்துவிட்டு வெளியே வாங்குங்கள். நான் கடைக்காரன்தான், இருந்தும் சொல்கிறேன்.

லேசர், கத்தி, போஸ்டர்

லேசரும், மேல்தோலை உரிக்கிற பீலிங்கும் பற்றிப் பேச அதிகம் இல்லை. மாநிறத் தோலில் லேசரே கறுப்பைக் கூட்டலாம், சூடு பட்டால் உறங்கும் ஹெர்பீஸ் எழும். முகத்துக்குச் செய்யும்போதே உதட்டு ஹெர்பீஸ் உள்ளவர்களுக்கு முன்கூட்டி வைரஸ் மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். பார்லர்களில் அந்தரங்க வெண்மை என்று செய்வதை எண்ணிக்கூடப் பார்க்காதீர்கள். தடித்த தழும்பு வெளித்தோலில் இருந்து, ஒரு வருடமாகப் புண் வராமல் இருந்து, அது உங்களை உண்மையாகவே தொந்தரவு செய்தால் மட்டும் அனுபவமுள்ள தோல் டாக்டரிடம் பேசலாம்.

கத்தி தேவைப்படுவது அபூர்வம். ஆனால் தேவைப்படும்போது வேறு வழி இல்லை. முன்தோல் தழும்பால் இறுகிப் பின்னால் போகாமல் நின்றால், அல்லது கடுமையான முதல் தாக்குதலுக்குப் பிறகு பெண்களுக்கு உள்ளுதடுகள் ஒட்டிக்கொண்டு சிறுநீர் கழிக்கவோ உறவு கொள்ளவோ கஷ்டமானால், யூராலஜி அல்லது மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு க்ரீம் தேடி ஒரு வருடம் கழிக்காதீர்கள்.

போஸ்டர் வைத்தியம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் இரண்டு மொழியிலும் ஒட்டியிருக்கும். பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. போஸ்டர் ஒட்டியிருப்பதே அவர் சட்டத்தை மதிக்காதவர் என்பதற்குச் சான்று. அரசு சித்த மருத்துவமனையில் பதிவு பெற்ற மருத்துவரைப் பார்ப்பது வேறு. லாட்ஜ் அறையில் சேங்கொட்டை எண்ணெய் வாங்குவது வேறு. சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே குடும்பம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், தோடு உடைக்கிற அக்காமாரின் கை எப்படி வெந்து கறுத்திருக்கும் என்று நம் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. கிட்டத்தட்ட அதே மாதிரி எண்ணெய்தான், உள்ளங்கையைவிடப் பலமடங்கு மெல்லிய தோலில்.

எங்கே போவது?

எல்லை தாண்டிப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. தெரிந்த முகம் இருக்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர் என்று போனால் யார் கையிலும் முழுக் கதை இருக்காது. முதல் புண்ணைப் பார்த்த டாக்டர் ஒருவர், பாட்டைப் பார்ப்பவர் இன்னொருவர், மாத்திரை ஒவ்வாமையைக் கேட்க யாரும் இல்லை. எந்தப் பக்கமானாலும் சரி, ஒருவரிடமே தொடருங்கள்.

அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. தமிழ்நாட்டில் சுகவாழ்வு மையம், கேரளத்தில் புலரி. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜோ, யாருக்கு எது பக்கமோ அங்கே கேட்கலாம். ஹெர்பீஸ் புண்ணுக்கு அசைக்ளோவிர் அடங்கிய சிவப்புப் பொட்டலம், அதாவது கிட் 5, தேசியத் திட்டத்தில் இலவசமாகக் கொடுப்பது, ஏழு நாளுக்கானது. கூடவே ஹெச்.ஐ.வி, சிபிலிஸ் சோதனையும் செய்துவிடுவார்கள், அதைச் செய்ய வேண்டும். குறை என்னவென்றால் வரிசை நீளம், மறைப்பு குறைவு, ஆறிப்போன பாட்டைப் பற்றிப் பேச டாக்டருக்கு நேரம் இருப்பது அதிர்ஷ்டம். தனியார் தோல் டாக்டரிடம் நேரம் கிடைக்கும், ஆனால் வெளியே வரும்போது கையில் மூன்று க்ரீம் எழுதிய சீட்டும் இருக்கும். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்கத் தயங்காதீர்கள். நேரில் போகவே மனசு வராதவர்களுக்கு இ-சஞ்சீவனி என்ற அரசின் இலவச வீடியோ ஆலோசனை தொடக்கத்துக்கு உதவும். வழி தெரியாவிட்டால் அரசின் எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குப் போன் செய்து பக்கத்து மையம் எது என்று கேட்கலாம்.

லேபில் போய் நீங்களாகவே ஹெர்பீஸ் ஐ.ஜி.எம் ரத்தப் பரிசோதனை எடுக்காதீர்கள். புதிய தொற்றா பழையதா என்று அது உறுதியாகச் சொல்லாது, தவறாகவும் பாசிட்டிவ் வரும். பாட்டைத் தேய்த்து எடுத்தாலும் ஒன்றும் தெரியாது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் அடுத்த தடவை கொப்புளம் வந்த ஓரிரு நாளுக்குள் போய் அதிலிருந்து ஸ்வாப் எடுத்து பி.சி.ஆர் செய்ய வேண்டும்.

கட்டிக்கப்போகிறவரிடம் சொல்வதா?

பாட்டைப் போக்க அவசரப்படுபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான அவசரம் கல்யாணம். எட்டு வாரத்தில் கல்யாணம், அதற்குள் போகுமா என்பார்கள். போகாது என்பது நேர்மையான பதில். ஆனால் இங்கே இரண்டு விஷயம் குழம்பிக் கிடக்கிறது. ஆறிய பாட்டிலிருந்து நோய் பரவாது; அது வெறும் நிறம். அதே சமயம் பாடே இல்லாத, புண்ணே இல்லாத நாளிலும் வைரஸ் தோலில் கசியக்கூடும், பரவக்கூடும். பாட்டை மறைத்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைப்பவர் துணைவரைத்தான் ஆபத்தில் வைக்கிறார்.

ஆகவே க்ரீமா பேச்சா என்று நின்றால், பேச்சுக்கு என் ஓட்டு. சொல்லிவிட்டு, தினசரி மாத்திரையும் ஆணுறையும் வைத்துக்கொண்டு, புண் இருக்கும் நாளில் உறவைத் தவிர்த்து வாழ்கிற தம்பதிகள் நிறைய. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 84 கோடிக்கும் மேலானவர்களுக்குப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்று இருக்கிறது, ஐந்தில் ஒருவருக்கு மேல். இந்த எண்ணைச் சொன்னால் சிலர் முகம் கொஞ்சம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பமாகும் திட்டம் இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ஒளிக்காதீர்கள். கடைசி மாதத்தில், வழக்கமாக 36-ஆவது வாரத்திலிருந்து, மாத்திரை கொடுத்துப் பிரசவ நேரத்தில் புண் வராமல் பார்த்துக்கொள்வார்கள்.

எப்படிச் சொல்வது என்று தொண்டை அடைத்தால், தூக்கம் போனால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், பெயர் சொல்லித்தான் பேச வேண்டும் என்பதில்லை.